மக்களைக் கேட்காமல் மண்ணை அள்ள அனுமதியோம்: மாநிலச் செயற்குழுவின் கண்டன அறிக்கை

அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றைத் தோண்டும் சுரங்கத் திட்டங்களுக்கு இனி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பர் 8 அன்று ஒரு அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. நாடாளுமன்றத்தில் விவாதம் இல்லை. வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கவும் இல்லை. கருத்துக்கேட்பை நீக்கும் முடிவே யாரையும் கேட்காமல் எடுக்கப்பட்டிருக்கிறது. இதை எமது சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

பறிபோனது என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் திட்டப் பகுதியிலேயே கூட்டம் நடத்த வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் நியமிக்கும் அதிகாரியோ தலைமை ஏற்க வேண்டும். பேசியதைப் பதிவுசெய்து, கூட்ட முடிவில் மக்கள் மொழியிலேயே வாசித்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். ஊரே 'வேண்டாம்' என்றாலும் அனுமதி கொடுக்க அந்த அறிவிக்கையில் தடை ஒன்றும் இல்லை. காது கொடுத்துக் கேள் என்று மட்டுமே அது சொன்னது. அதுகூட அரசுக்குப் பொறுக்கவில்லை.

இந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நூற்றுக்கணக்கான பக்க ஆங்கில அறிக்கைக்குச் சில பக்கத் தமிழ்ச் சுருக்கம், வெளியூரிலிருந்து வண்டியில் வந்து முன்வரிசையில் உட்காரும் ஆட்கள், வாசலில் போலீஸ் என எல்லாவற்றையும் பார்த்திருக்கிறோம். ஆனாலும் மீனவப் பெண்ணும் குத்தகை விவசாயியும் ஆட்சியர் முன் நின்று கேள்வி கேட்க, அது அரசு ஆவணத்தில் ஏற, சட்டம் தந்த இடம் அது ஒன்றுதான். குறை இருந்தால் திருத்தியிருக்க வேண்டும், ஒழித்துக்கட்டியிருக்கக் கூடாது.

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு உள்ளிட்ட ஊர்களில் 1,144 ஹெக்டேர் பரப்பில் மணல் எடுக்கும் திட்டம் நிலுவையில் உள்ளது. தோரியம் அடங்கிய மோனசைட் இருப்பதால் இது அணுக் கனிமத் திட்டம். இதற்காக 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் மக்கள் எதிர்ப்பால் ஒத்திவைக்கப்பட்டது. தள்ளிவைத்த கூட்டத்தை இனி நடத்தவே வேண்டாம் என்கிறது குறிப்பாணை.

மதுரை மாவட்டம் மேலூர் மக்களும் கவனிக்க வேண்டும். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து கிராம சபைகள் தீர்மானம் போட்டன. 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. மக்கள் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. டங்ஸ்டனும் முக்கியக் கனிமங்களின் பட்டியலில்தான் இருக்கிறது. நாளை இன்னொரு பெயரில் இன்னொரு ஏலம் வந்தால், கேட்க ஒரு கூட்டம்கூட இருக்காது.

பாதுகாப்புத் துறையும் அணுசக்தித் துறையும் கேட்டதால்தான் இந்த விலக்கு என்கிறார்கள். கடலோரத்து மக்கள் கேட்பது ராணுவ ரகசியத்தை அல்ல. கடலரிப்பு கூடுமா, கிணற்று நீர் கெடுமா, கதிர்வீச்சை அளப்பது யார் என்றுதான் கேட்கிறார்கள். இதற்குப் பதில் சொன்னால் நாட்டின் பாதுகாப்பு எப்படிக் குலையும்?

மாநில அரசிடமும் எங்களுக்குக் கேள்வி உண்டு. குறிப்பாணையைத் திரும்பப் பெறக் கோரி 2025 செப்டம்பரிலேயே முதலமைச்சரிடமிருந்து பிரதமருக்குக் கடிதம் போனது. வரவேற்கிறோம். ஆனால் அதே ஆண்டில் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஹைட்ரோகார்பன் ஆய்வுக் கிணறுகளுக்கு அனுமதி கொடுத்தது மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். செய்தி வெளியாகி எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான், அதைத் திரும்பப் பெறும்படி மாநில அரசு சொன்னது. ஆய்வுக் கிணறுகளுக்கும் கருத்துக்கேட்பு கிடையாது; 2020 ஜனவரியிலேயே அந்தக் கதவையும் மத்திய அரசு சாத்திவிட்டது. மாநிலக் கொள்கை ஒன்று, ஆணையத்தின் முத்திரை வேறொன்று என்றால் மக்கள் எதை நம்புவது?

புதிய குறிப்பாணையின்படி, பரப்பு எவ்வளவு சிறிதானாலும் இத்திட்டங்களை மத்திய அரசே பரிசீலிக்கும். மாநில ஆணையத்துக்கும் அங்கே இடமில்லை. ஆனால் ஏலத்தை யார் நடத்தினாலும் சுரங்கக் குத்தகை ஆணையில் கையெழுத்திட வேண்டியது மாநில அரசு. கிராம சபையில் வைக்காத, முழு அறிக்கையும் தமிழில் வெளியாகாத எந்தத் திட்டத்துக்கும் அந்தக் கையெழுத்து கிடையாது என்று சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டும். கடிதத்தோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடக் கூடாது.

மத்திய அரசு குறிப்பாணையை உடனே திரும்பப் பெற வேண்டும். கடலோர, மலையோர, டெல்டா மாவட்ட மக்கள் வரும் கிராம சபைக் கூட்டங்களில் இதற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றி, நகலை மாவட்ட ஆட்சியருக்கும் மாநில சுற்றுச்சூழல் துறைக்கும் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்ற மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.