துப்பாக்கி மாறுகிறது, கேள்வி மாறவில்லை

புது தில்லி: ராணுவக் காலாட்படையினரின் "இன்சாஸ்" துப்பாக்கிக்குப் பதிலாக, அமெரிக்க "சிக்-716" ரகத் துப்பாக்கிகள் 72,400 வாங்க 2019-இல் ஒப்பந்தமானது. 2024-இல் மேலும் 73,000 வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது. ரஷியாவின் "ஏகே-203" ரகத்தில் 6 லட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கிகளை உத்தரப் பிரதேச மாநிலம் அமேதி மாவட்டம் கோர்வாவில் தயாரிக்க 2021 டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது.

"சிக்-716", அமெரிக்காவின் எம்-16 துப்பாக்கியின் அமைப்பை ஒத்தது. எம்-16-இல் தோட்டா வெடிக்கும்போது எழும் வாயு நேராகத் துப்பாக்கியின் உள்பாகத்துக்குச் சென்று கரி படியச் செய்யும். பிஸ்டன் முறையில் இயங்கும் துப்பாக்கிகளில் அந்த வாயு பிஸ்டனைத் தள்ளுவதோடு நின்றுவிடுவதால் கரி குறைவு.

இதை மட்டுமே வைத்து நம்பகத்தன்மையைக் கணிக்க இயலாது. "இன்சாஸ்", "ஏகே" ஆகியவை பிஸ்டன் முறையில் இயங்குபவையே. 1999 கார்கில் போரின்போது, கடுங்குளிரில் "இன்சாஸ்" மேகஸின் விரிசல் கண்டதாகப் புகார் எழுந்தது. அங்கே பழுது பிஸ்டனில் அல்ல, தோட்டாக்களை அடைக்கும் உறையில்.

இப்போது மற்றொரு சிக்கலும் சேர்ந்துள்ளது. "இன்சாஸ்" தோட்டா 5.56 மி.மீ. விட்டம் கொண்டது. மற்ற இரண்டும் 7.62 மி.மீ. என்றாலும், தோட்டாக் கூட்டின் நீளம் "சிக்"கில் 51 மி.மீ., "ஏகே"யில் 39 மி.மீ. ஒன்றின் தோட்டா மற்றொன்றுக்குப் பொருந்தாது. எல்லைச் சாவடிக்குத் தவறான பெட்டி போய்ச் சேர்ந்தால் புதிய துப்பாக்கியும் வெறும் இரும்புதான்.

எத்தனை துப்பாக்கிகள் வந்தன என்பதோடு, தோட்டாவும் உதிரி பாகங்களும் உள்நாட்டில் தடையின்றிக் கிடைக்குமா என்பதையும் நாடாளுமன்றம் கேட்டாக வேண்டும்.