மருந்துக்கும் மனுப் போடணுமாய்யா?

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஆனாலும் இதை எழுதாம விட்டா எனக்குத் தூக்கம் வராது.

தீபாவளிக்குப் புதூர் போயிருந்தேன். மதுரை புதூர் இல்லீங்க, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசக்காட்டுப் புதூர். புரட்டாசியில போட்ட மக்காச்சோளம் முழங்கால் உசரத்துக்கு நிக்குது, குருத்துக்குள்ள படைப்புழு. 2018-ல நம்ம நாட்டுக்குள்ள வந்த புழு, இன்னும் போகல. சித்தப்பா போனைத் தூக்கிட்டு வந்தார். ஏதோ ஒரு விவசாய ஆப். அதுல இப்படி ஒரு வரி: "பூச்சிக்கொல்லியைக் குருத்தில் விண்ணப்பிக்கவும்."

"ஏய்யா, மருந்துக்கும் மனுப் போடணுமா? யார்ட்ட, வி.ஏ.ஓ.ட்டயா?"

வீடே சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரல. இந்த மாதிரி வரிகளைத் தயாரிக்கிற தொழில்லதான் நான் சம்பளம் வாங்குறேன்.

ஆங்கிலத்துல 'அப்ளை'ன்னு ஒரே சொல். எங்க ஊர்ல அதுக்கு எத்தனை வினைன்னு எண்ணிப் பாருங்க. கடனுக்கு மனுப் போடுவோம். பயிருக்கு மருந்து அடிப்போம். அடியுரம் போடுவோம். யூரியா தூவுவோம். விதையோட மருந்தைக் கலப்போம். மாட்டுப் புண்ணுல வேப்பெண்ணெய் தடவுவோம். வண்டியில பிரேக் பிடிப்போம். சட்டம்னா பொருந்தும். எட்டு இடம், ஏழு வினை. பள்ளிக்கூடமே போகாத எங்க அப்பத்தா ஒண்ணைக்கூட மாத்திச் சொல்லாது.

இதைச் சொன்னா நண்பர் ஒருத்தர் கேக்குறார்: "எல்லாத்துக்கும் பொதுவா 'பயன்படுத்தவும்'னு போட்டுட்டா தப்பே வராதே?"

தப்பு வராதுதான். விஷயமும் வராது. டிஏபியை எடுத்துக்கோங்க. அடியுரமாப் போட்டா மண்ணுல போடணும். உளுந்து பூக்கிற நேரத்துக்குன்னா ராத்திரி தண்ணியில ஊற வச்சு, காலையில தெளிஞ்ச தண்ணியை வடிகட்டி, 2 சதவீதக் கரைசலா இலையில தெளிக்கணும். ஒரே டிஏபி, கை செய்யுற வேலை வேற வேற. "டிஏபி பயன்படுத்தவும்"னு படிக்கிற சம்சாரி எதைச் செய்வார்? படைப்புழு மருந்தும் அப்படித்தான். மேலாக்க அடிச்சுட்டுப் போனா புழு உள்ள சொகுசா உக்காந்திருக்கும். குருத்துக்குள்ள இறங்குற மாதிரி அடிக்கணும். கை என்ன செய்யணும்ங்கிறதை வினைச்சொல்தான் சொல்லுது. அதை மழுப்பினா குறிப்பே இல்லாத மாதிரிதான்.

"தமிழ்ல சொல் இல்ல, அதான் சிக்கல்"னு இன்னொரு கோஷ்டி கிளம்பும். மக்கா, சொல் இல்லாமலா? கோவில்பட்டி பக்கத்து இடைசெவல்ல பிறந்த கி.ரா. கரிசல் சொல்லை எல்லாம் சேர்த்துத் தனி அகராதியே போட்டாரு. நாமதான் அந்தப் பக்கம் திரும்புறதில்ல. ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல்னு பட்டியல் போட்டு வச்சுக்கிட்டு அதையே ஒட்டிக்கிட்டு இருக்கோம். பொருளோட பேருக்கு அந்தப் பட்டியல் பெரும்பாலும் உதவும். வினைக்கு உதவாது.

இது தமிழுக்கு மட்டும் வந்த தலைவலியும் இல்ல. எங்க புராஜெக்ட் ஒண்ணுல, மொழிபெயர்க்க வேண்டிய சொற்களை எக்செல்ல கொட்டி எல்லா மொழிக்காரங்களுக்கும் அனுப்பினோம். 'அப்ளை'க்கு ஒரே வரிசை. ஸ்பானிஷ் பண்ற அம்மா உடனே திருப்பிக் கேட்டாங்க: "இது கடன் படிவமா, கலர் மாத்துற பட்டனா?" படிவம்னா 'சொலிசிட்டார்', பட்டன்னா 'அப்ளிகார்'. அமெரிக்காவுல இருக்கிற ஸ்பானிஷ்காரங்க பலர் ஆங்கிலப் பழக்கத்துல வேலைக்கும் 'அப்ளிகார்'னுதான் சொல்றாங்களாம், அதான் அவங்க உஷார்.

தமிழ்ல? ரெண்டு இடத்துலயும் 'விண்ணப்பி'. கலர் மாத்தணும்னாலும் விண்ணப்பிக்கணும் :-( அதைச் சரிபார்த்து "ஓகே" போட்டவன் யார்னு கேக்குறீங்களா? அடியேன்தான். டீம்ல தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன். ஸ்பானிஷ் அம்மா கேட்ட கேள்வியை நான் கேக்கல.

வசதி இல்லன்னும் சாக்கு சொல்ல முடியாது. ஒரே ஆங்கிலச் சொல் ரெண்டு இடத்துல வந்தா, எந்த இடம்னு தனியாக் குறிச்சுக் கொடுக்கிற வழி 2006-ல வந்த கெட்டெக்ஸ்ட் 0.15-லயே இருக்கு. ஒரு வரி கூடுதலா எழுதணும், அவ்வளவுதான். நாம எழுதுறதில்ல.

மருந்து டப்பாவுல வட்டார மொழி இருக்கணும்னு 1971-ம் வருஷத்துப் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்லுது. மொழி இருந்தா மட்டும் போதுமா? படிச்சா புரியணும்ல? 2017-ல மகாராஷ்டிராவுல யவத்மால் மாவட்டத்துல பருத்திக்கு மருந்தடிச்சவங்கள்ல 20 பேருக்கு மேல விஷம் ஏறிச் செத்தாங்க. அதுக்கு மொழிபெயர்ப்புதான் காரணம்னு நான் சொல்லல. மருந்தைப் பத்தின ஒரு வரி எவ்வளவு பெரிய பொறுப்புன்னுதான் சொல்றேன்.

அதனால, சொல்லை மட்டும் அனுப்புற என்னை மாதிரி பொட்டிதட்டிகளே, முழு வாக்கியத்தையும் அனுப்புங்க. மொழிபெயர்க்கிறவங்களே, "எதை, எதுல, எப்படி?"ன்னு கேக்காம ஒரு வினையையும் எழுதாதீங்க. எழுதின பிறகு காட்டுல நிக்கிற ஒருத்தருக்குப் படிச்சுக் காட்டுங்க. அவர் சிரிச்சா அழிச்சுட்டு மறுபடி எழுதுங்க.

பி.கு: அந்த ஆப்புக்கு "விண்ணப்பிக்கவும்" இல்ல, "தெளிக்கவும்"னு எழுதிப் போட்டிருக்கேன். இன்னும் பதில் வரல. "மனுப் போட்டாச்சுல்ல, வரும்யா"ங்கிறார் சித்தப்பா.