ஐந்து ராத்திரி, ஒரு பவர் பேங்க்

2010-இல் கிளாஸ்டன்பரி இசைவிழாவையொட்டி, ஆரஞ்ச் என்ற பிரிட்டிஷ் செல்போன் நிறுவனம் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸைக் காட்சிக்கு வைத்தது. அடிப்பாகத்தில் வெப்பத்தை மின்சாரமாக்கும் சில்லுகள். உள்ளே காலின் சூடு, வெளியே சகதியின் குளிர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் மின்சாரம் பிறக்கும். 1821-இல் சீபெக் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் கண்டறிந்த சங்கதிதான், புதிதாக ஒன்றுமில்லை. பன்னிரண்டு மணி நேரம் அந்தப் பூட்ஸோடு சகதியில் உழன்றால் போனுக்கு ஒரு மணி நேரத்துக்கான சார்ஜ் கிடைக்கும் என்றார்கள். இதைப் படித்துவிட்டு எந்த மனிதன் சந்தோஷப்பட்டிருப்பான் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

அவர்கள் அதோடு விடவில்லை. அடுத்த வருஷமே ஒரு டி-ஷர்ட். மார்பில் ஏ4 தாள் அளவுக்கு ஒரு மெல்லிய படலம். மேடையிலிருந்து வரும் சத்தம் அதில் மோதி அதிரும், அதிர்வு மின்சாரமாகும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 100 டெசிபல் என்பது காதைக் கெடுக்கும் சத்தம். அந்தச் சத்தத்தில்கூட ஒரு சதுர மீட்டருக்கு வந்து சேரும் ஆற்றல் வெறும் 0.01 வாட். ஏ4 தாளின் பரப்புக்கு அதிலும் பதினாறில் ஒரு பங்கு. வந்த ஆற்றல் ஒரு துளி வீணாகாமல் மின்சாரமாகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், இன்றைய போன் ஒன்று முழுசாக நிறைய மூன்று வருஷத்துக்கு மேல் ஸ்பீக்கர் முன்னால் நிற்க வேண்டும். பாட்டு நிற்காமல், நாமும் உட்காராமல்.

இரண்டும் விளம்பரத்துக்காகச் செய்த மாதிரிகள்தான். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வயல்வெளியில் சார்ஜ் தீர்கிறது என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்: எங்கிருந்தாவது மின்சாரம் கொண்டுவர வேண்டும். சோலார், சைக்கிள், பூட்ஸ், சட்டை. நான் இதில் எதிர்க்கட்சி. மாசக் கடைசியில் சம்பளத்தை எப்படிக் கூட்டுவது என்று யாரும் யோசிப்பதில்லை, செலவைத்தான் குறைப்போம். போன் விஷயத்தில் மட்டும் ஏன் தலைகீழாக யோசிக்கிறோம்?

கிளாஸ்டன்பரி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் தென்மேற்கில் சாமர்செட் பகுதி, பில்டன் கிராமம், வொர்த்தி பண்ணை. அது ஒரு பால் பண்ணை. 1970 செப்டம்பர் 19 அன்று மைக்கேல் ஈவிஸ் என்ற விவசாயி தன் நிலத்தில் கச்சேரி வைத்தார். நுழைவு ஒரு பவுண்டு, பண்ணைப் பால் இலவசம். வந்தவர்கள் சுமார் 1,500 பேர். இன்று ஊழியர்களையும் சேர்த்து ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் புதன்கிழமை உள்ளே போய், கூடாரம் அடித்து, திங்கட்கிழமை வெளியே வருகிறார்கள். நடுநடுவே ஒரு வருஷம் விழா கிடையாது. மண் தேறட்டும் என்று நிலத்தைத் தரிசாக விட்டுவிடுகிறார்கள். 2018 அப்படிப்பட்ட வருஷம், 2026-ம் அப்படியே. கூடார வயல்களில் ப்ளக் பாயிண்ட் என்ற பேச்சே இல்லை. ஐந்து ராத்திரி.

அண்ணன் மகளோடுதான் அங்கே போனேன். கிளம்புவதற்கு முன் அவள் போட்ட கணக்கு: “சித்தப்பா, பவர் பேங்க்ல இருபதாயிரம்னு போட்டிருக்கு. என் போன் ஐயாயிரம். நாலு தடவை வரும்ல?”

வராது. அந்த 20,000 மில்லியாம்பியர்-மணி என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டுக்கான எண். பெருக்கிப் பார்த்தால் 74 வாட்-மணி. அது 5 வோல்ட்டாகவோ 9 வோல்ட்டாகவோ மாறி ஒயர் வழியே போய், போனுக்குள் மறுபடி மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் சூடாகிக் கரையும். தொட்டுப் பார்த்தால் இரண்டும் வெதுவெதுப்பாக இருக்கிறதே, அந்தச் சூடு நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சார்ஜ்தான். மிஞ்சுவது ஐம்பது சொச்சம் வாட்-மணி. 5,000 மில்லியாம்பியர்-மணி போன் ஒன்று நிறைய 19 வாட்-மணி வேண்டும். ஆக, மூன்று தடவைக்குச் சற்றுக் குறைவு. 10,000 என்று எழுதியதை வாங்கினால் ஒன்றரை தடவைகூடத் தேறாது. ஒயர் இல்லாமல் மேலே வைத்துச் சார்ஜ் ஏற்றும் வகை இதையும்விட மோசம். கூடாரத்தில் அந்தச் சொகுசு வேண்டாம்.

பெரியதாக வாங்கிவிடலாமே என்றால், சென்னையிலிருந்து விமானத்தில் வருபவர்களுக்கு ஒரு வரம்பு உண்டு. 100 வாட்-மணி வரைதான் கேள்வி கேட்காமல் விடுவார்கள். ஏறத்தாழ 27,000 மில்லியாம்பியர்-மணி. அதுவும் கைப்பையில்தான், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது.

இனி செலவுப் பக்கம். விழா வயலில் போனின் முதல் எதிரி பாட்டும் அல்ல, படமும் அல்ல, கூட்டம். இரண்டு லட்சம் போன்கள் ஒரே பள்ளத்தாக்கில். ஒவ்வொரு வருஷமும் தற்காலிகக் கோபுரங்கள் நடுகிறார்கள். இருந்தும் பிரமிட் என்ற பிரதான மேடையில் பெரிய பெயர் பாடும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ அனுப்ப முயல்வார்கள். போகாது. போகாத வீடியோவைப் போன் சும்மா விடாது, திரும்பத் திரும்ப முயலும். சிக்னல் மெலிந்தால் இன்னும் உரக்கக் கத்தும், அதாவது அனுப்பும் சக்தியைக் கூட்டும். நீங்கள் அதைத் தொடாமல் சட்டைப்பையில் வைத்திருக்கும்போதே இவ்வளவும் நடக்கிறது. மதியம் எழுபது சதவீதம் இருந்தது, சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் முப்பது. “நான் தொடவே இல்லையே” என்பார்கள். தொடாததுதான் காரணம். ஏர்பிளேன் மோடில் போட்டிருந்தால் அறுபத்தைந்தாவது மிஞ்சியிருக்கும். படங்களைத் தானாக மேலே ஏற்றும் வசதியை வீட்டிலேயே அணைத்துவிட்டு வருவது இன்னொரு நல்ல காரியம்.

இரண்டாவது எதிரி வெயில். சாமர்செட்டில் ஜூன் மாதம் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். வெளிச்சத்தில் திரை தெரியவில்லை என்று போன் தானாகவே பிரகாசத்தை உச்சத்துக்கு ஏற்றும். அந்த நிலையில் காமெராவைத் திறந்து ஒரு முழுப் பாட்டையும் படமெடுப்பது ஊதாரித்தனம் என்பது என் கருத்து. பிபிசி 1997 முதல் இந்த விழாவை ஒளிபரப்புகிறது. நம்மைவிட நல்ல காமெரா, நல்ல இடம், நடுங்காத கை. அண்ணன் மகள் ஒத்துக்கொள்ளவில்லை. “அதுல நான் இருக்க மாட்டேனே சித்தப்பா” என்றாள். நியாயம்தான். இருபது விநாடி எடுத்துக்கொள்ளலாம் என்று சமரசம்.

பேட்டரிக்குச் சூடும் ஆகாது, குளிரும் ஆகாது. காலை ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுவதால், எட்டு மணிக்குள் கூடாரத்துக்குள் மனிதர்கள் இருக்க முடியாத வெக்கை. பவர் பேங்க்கை உள்ளே வைத்துவிட்டு நாள் முழுக்கச் சுற்றப் போகாதீர்கள். ராத்திரி குளிரும்போது நேர்மாறாக, அதைப் படுக்கைப்பைக்குள் கால்மாட்டில் போட்டுக்கொள்ளலாம். குளிரில் சார்ஜ் காணாமல் போவதில்லை. வெளியே வர மறுக்கும், அவ்வளவுதான்.

வரவுப் பக்கமும் முழுக்கச் சூன்யமில்லை. சார்ஜ் செய்யும் கூடாரங்கள் பல வருஷமாக உண்டு. அங்கே வரிசையில் நின்று, ஒரு ஒயரோடு கட்டிப்போட்டதுபோல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். வாங்கிய டிக்கெட்டுக்கு அது நல்ல செலவல்ல. இதில் உருப்படியான யோசனை செய்தது இஇ என்ற செல்போன் நிறுவனம். அவர்களுடைய குட்டி பவர் பேங்க்கை வாங்கினால், தீர்ந்ததைக் கொடுத்துவிட்டு நிறைந்ததை எடுத்துக்கொண்டு போக முடிந்தது. காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. பால்காரரிடம் காலி பாட்டில் கொடுத்த காலத்து ஏற்பாடு. 2015 கோடையிலேயே அந்தக் கருவிகளில் ஒரு தொகுதி அளவுமீறிச் சூடாகிறது என்று திரும்பப் பெறப்பட்டது வேறு கதை. கருவிதான் மோசம், யோசனை அல்ல.

சோலார் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். பண்ணைக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது: ஈவிஸ் 2010-இல் மாட்டுக்கொட்டகைக் கூரை முழுக்கப் பலகைகள் பதித்தார். க்ருவாசாங் நெஃப் என்ற மேடை சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது. 1994-லேயே 150 கிலோவாட் காற்றாலை ஒன்று விழாவுக்கு வந்தது. கொட்டகைக் கூரை வேறு, உங்கள் முதுகுப்பையில் தொங்கும் மடிப்புப் பலகை வேறு. ஏ4 அளவுப் பலகை நடுப்பகல் நேர்வெயிலில் அதிகபட்சம் பன்னிரண்டு வாட் தரலாம். மேகம் மூடினால் இரண்டோ மூன்றோ. நடந்துகொண்டே இருந்தால் சூரியன் எந்தப் பக்கம் என்பதே அதற்குத் தெரியாது. வாங்கித்தான் தீருவேன் என்பவர்கள் கூடாரத்தின் மேல் விரித்து, அதன் நிழலில் பவர் பேங்க்கை வைத்து ஏற்றுங்கள். போனை வெயிலில் வைத்தால் சூடு தாங்காமல் சார்ஜ் ஏறுவதையே நிறுத்திவிடும். சைக்கிள் மிதித்துச் சார்ஜ் செய்யும் இடங்களும் உண்டு. காலுக்கு நல்லது.

போன் செய்யும் சில்லறை வேலைகளைப் பிரித்து வேறு ஆட்களிடம் கொடுத்துவிடலாம். நேரம் பார்க்கக் கைக்கடிகாரம். வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டும் டார்ச். கிளாஸ்டன்பரியின் ஆழக்குழிக் கழிப்பறைகள் உலகப் பிரசித்தம். நடுராத்திரியில் போன் வெளிச்சத்தை நம்பி அங்கே போய்க் கை தவறவிட்டவர்களுக்கு எந்தப் பவர் பேங்க்கும் உதவாது. நிகழ்ச்சி நிரலுக்கு அச்சிட்ட கையேடு கொடுக்கிறார்கள். பத்திரிகைக்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: ‘கிளாஸ்டன்பரி ஃப்ரீ பிரஸ்’ என்றொரு தாளை, பழைய ஹைடல்பர்க் இயந்திரத்தை வயலிலேயே நிறுத்தி, விழா நடக்கும்போதே அச்சடித்துத் தருகிறார்கள். ஆளைத் தேட, கூட்டிப் போகும்போதே இடமும் நேரமும் பேசிவைத்துக்கொள்வது. நாங்கள் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு குறிப்பிட்ட தேநீர்க் கடை என்று வைத்துக்கொண்டோம். வராவிட்டால் ஒன்பதுக்கு அதே கடை. அதுவும் தவறினால்தான் போன்.

பழைய பட்டன் போனோடு வருபவர்களும் இருக்கிறார்கள். 2017-இல் மறுபடி வந்த நோக்கியா 3310-இன் பேட்டரி வெறும் 1,200 மில்லியாம்பியர்-மணி. சும்மா வைத்திருந்தால் ஒரு மாதம் தாங்கும் என்று விற்றார்கள். ஆனால் வங்கி அட்டை, பஸ் டிக்கெட், வரைபடம் எல்லாம் ஸ்மார்ட்போனுக்குள் போய்விட்ட காலத்தில் அதை மட்டும் நம்பி வர எனக்குத் துணிச்சலில்லை.

ஒன்றே ஒன்றில் மட்டும் அண்ணன் மகளிடம் கண்டிப்பாக இருந்தேன். மூன்று சார்ஜில் ஒன்று திங்கட்கிழமைக்கு. ஞாயிறு ராத்திரி கடைசிப் பாட்டு முடிந்ததும் எல்லோரும் மிச்சமிருப்பதைச் செலவழித்துவிடுவார்கள். மறுநாள் காலை காசில் கேரி ரயில் நிலையத்துக்குப் பஸ் வரிசை, ரயில் டிக்கெட், தாமத அறிவிப்பு, லண்டனில் இறங்கி வீட்டுக்குப் போக வழி, எல்லாம் போனில்தான். காரில் வந்தவர்கள் எந்த வயலில், எந்த வரிசையில் நிறுத்தினோம் என்பதைப் புதன்கிழமையே டிக்கெட்டின் பின்னால் பேனாவால் எழுதிவைப்பது நல்லது. அந்தக் குறிப்பைப் படமெடுத்துப் போனில் வைத்திருந்த ஒரு குடும்பம், திங்கள் காலை ஆளுக்கொரு பக்கம் ரிமோட் சாவியை அமுக்கிக்கொண்டு வயல் வயலாக நடந்ததைப் பார்த்தேன். எங்கள் பஸ் வந்துவிட்டது. அவர்கள் கார் கிடைத்ததா என்று தெரியாது.