வட்டத்துக்கு வெளியே நிற்கும் சிறுமிகள்

ஜப்பானின் முதல் பெண் பிரதமராக சனாயே தகாய்ச்சி 2025 அக்டோபரில் பொறுப்பேற்றபோது பழைய கேள்வி ஒன்று மீண்டும் எழுந்தது. சுமோ மல்யுத்தத் தொடரில் வென்றவருக்குப் பிரதமர் கோப்பையை அவர் களமேறி வழங்க முடியுமா? 'தோஹ்யோ' எனப்படும் சுமோ களத்தில் பெண்கள் கால்வைக்கக் கூடாது என்பது ஜப்பான் சுமோ சங்கத்தின் நிலைப்பாடு. 1990-இல் அமைச்சரவைத் தலைமைச் செயலர் மயூமி மோரியாமாவுக்கும், 2000-இல் ஒசாகா ஆளுநர் ஃபுசாயே ஓட்டாவுக்கும் அனுமதி மறுக்கப்பட்டது.

கோப்பையை யார் வழங்குவது என்பது சிறிய கேள்விதான். ஊர்களிலும் பள்ளிகளிலும் சுமோ பழகும் பிள்ளைகளின் நிலையே கவலைக்குரியது. 2018 ஏப்ரலில் மைசுரு நகரில் மயங்கி விழுந்த மேயருக்கு முதலுதவி செய்த பெண்களைக் களத்தைவிட்டு இறங்குமாறு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சங்கம் பின்னர் மன்னிப்புக் கேட்டது. ஆனால், அதே மாதம் ஷிசுவோகாவில் நடந்த சிறார் சுமோ நிகழ்ச்சியில் சிறுமிகள் சேர்க்கப்படவில்லை. காரணம் பாதுகாப்பாம்!

மரபு என்ற வாதமும் முழுமையானதல்ல. 720-இல் தொகுக்கப்பட்ட 'நிஹோன் ஷோகி' வரலாற்று நூலில் 'சுமோ' என்ற சொல் முதன்முதலில் இடம்பெறுவதே அரண்மனைப் பெண்கள் மோதிய நிகழ்வைக் குறிக்கத்தான். எடோ காலத்திலும் பெண்கள் சுமோ காட்சிகள் நடந்திருக்கின்றன.

அமெச்சூர் சுமோ இந்த விஷயத்தில் முன்னே சென்றுவிட்டது. ஒலிம்பிக்கில் இடம்பெற இரு பாலரும் ஆட வேண்டும் என்ற நெருக்கடியே அதற்கு முதல் உந்துதல் என்றாலும், விளைவு நல்லதாகவே அமைந்தது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான 'வான்பாக்கு' சுமோவில் 2019-இல் சிறுமிகளுக்கெனத் தேசியப் போட்டி தொடங்கப்பட்டது. அதன்பிறகு? பெண்களுக்குத் தொழில்முறைப் பிரிவே இல்லை. அவர்களுக்குச் சுமோ குழு வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களும் சிலவே.

தொழில்முறை சுமோவுக்கும் இது நல்ல காலமல்ல. 1992-இல் 223 இளைஞர்கள் புதிதாகச் சேர்ந்தனர். 2023-இல் 53 பேர் மட்டுமே. உயரம், எடைக்கான நிபந்தனையைக்கூடச் சங்கம் அந்த ஆண்டு தளர்த்தியது. பிள்ளைகள் குறைந்துவரும் நாட்டில், உள்ளூர்ப் பயிற்சிக் களத்துக்கு வரும் சிறுமியைத் திருப்பி அனுப்பினால், அண்ணனோடு தம்பியும் வராமல் போகலாம்.

தொழில்முறைக் களத்தின் விதியைச் சங்கம் இப்போதைக்கு மாற்றாது என்றே தோன்றுகிறது. ஊர்க் களங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 4.55 மீட்டர் விட்டமுள்ள மண் வட்டத்தைப் பராமரிப்பவை உள்ளூர்ச் சங்கங்களும் பள்ளிகளும்தான். அங்கு யார் இறங்கலாம் என்பதை அவையே முடிவு செய்யலாம். நடுநிலைப்பள்ளியிலிருந்தே சிறுமிகளுக்குப் பயிற்சியாளரும் முறையான போட்டிகளும் கிடைக்க அந்தந்த ஊர்க் கல்வி வாரியங்கள் நிதி ஒதுக்க வேண்டும்.