டயரை மாத்துறதுக்கு முன்னாடி

ஹேவாஹெட்ட பக்கம் மரக்கறி போடுறவங்க நாலு பேர் சேர்ந்தா பேச்சு முதல்ல விலைக்குப் போகும், அப்புறம் மருந்துக்குப் போகும், கடைசியில லேண்ட்மாஸ்டருக்கு வந்து நிற்கும். லேண்ட்மாஸ்டர் என்பது ஒரு காலத்தில் இங்கிலாந்துக் கம்பனி ஒன்றின் பெயர். அந்தக் கம்பனி மிஷின் இப்போ கண்ணில படுறதே இல்ல. குபோட்டாவோ, சீனத்து மிஷினோ, ரெண்டு சக்கரமும் நீளக் கைப்பிடியும் இருந்தா நமக்கு எல்லாமே லேண்ட்மாஸ்டர்தான். அது வழுக்குதுன்னு ஒருத்தர் சொன்ன உடனே பக்கத்துல இருக்கிறவர் கொடுக்கும் மருந்தும் ஒன்றுதான்: "டயரை மாத்துங்க. நல்லா கடிக்கிற டயரா பார்த்துப் போடுங்க."

எனக்கு இந்தப் பதிலில் முழு உடன்பாடு இல்லை. நல்ல டயர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. டயர் பார்க்கும் வேலையில் அது கடைசிப் படி, அதை முதல் படியாக வைக்கிறோம் என்பதுதான் என் குறை. ஒரு ஜோடி டயருக்கு எத்தனை நாட்சம்பளம் போகும் என்று தோட்டத்தில் பேர் போடுகிற வீட்டில் கேட்டுப் பாருங்கள். 2020-ல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது டயரும் அதில் மாட்டிக்கொண்டதையும், அதற்குப் பிறகு டயர் விலை போன போக்கையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

முதலில் காற்று. நம்ம ஊரில் ஒரே மிஷின்தான் காலையில் பாத்தி கிளறும், மத்தியானம் ட்ரெய்லர் மாட்டிக்கொண்டு கோவாவும் போஞ்சியும் ஏற்றிக்கொண்டு ரோட்டுக்குப் போகும். கூலிக்கு ஓட்டுகிறவருக்கு ரெகுலர் காசு ட்ரெய்லரில்தான். அதனால் டயரில் காற்றும் ரோட்டுக்கு ஏற்ற மாதிரி கல்லு போல அடைத்திருக்கும். அதே காற்றோடு வயலுக்குள் இறங்கினால் டயரின் நடுப்பகுதி மட்டும்தான் மண்ணைத் தொடும். டயர் மண்ணை அழுத்துகிற அழுத்தம் ஏறக்குறைய உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம்தான். காற்றைக் கொஞ்சம் இறக்கினால் டயர் அகலமாகப் படியும், பட்டைகள் கூடுதலாக மண்ணைப் பிடிக்கும், மண்ணும் அவ்வளவு இறுகாது. கரட்டும் பீட்ரூட்டும் போடுகிறவர்களுக்கு இறுகின மண் என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஒரேயடியாக இறக்கினால் ரிம் டயருக்குள்ளேயே சுற்றி டியூப்பின் வால்வைப் பிய்த்துவிடும். கம்பனி கொடுத்த புத்தகத்தில் வயலுக்கு ஒரு அளவு இருக்கும். அதைப் பார்த்து ஒரு காற்று கேஜும், கையால அடிக்கிற பம்பும் மிஷினோட வச்சுக்கிட்டா போதும். புது டயரோட ஒப்பிட்டா இது பெரிய செலவே இல்ல. ஆனா கேஜ் வச்சிருக்கிற லேண்ட்மாஸ்டரைத் தேடித்தான் பார்க்கணும்.

அடுத்தது, உண்மையிலேயே வழுக்குகிறதா என்று அளந்து பார்ப்பது. இதற்கு மெக்கானிக் வேண்டாம், ஒரு சாக்குக்கட்டி போதும். டயரில் ஒரு கோடு போடுங்கள். பாரம் இல்லாமல் சக்கரம் பத்துச் சுற்று சுற்றும்போது மிஷின் எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்துகொள்ளுங்கள். நம்ம மிஷின்களில் அதிகம் இருக்கிற 6.00-12 அளவு டயருக்கு அது சுமார் 20 மீற்றர் வரும். (முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், ரெண்டுமே அங்குலத்தில்.) பிறகு கலப்பையை மாட்டி அதே மண்ணில், அதே பத்துச் சுற்று. 17 மீற்றர் போனால் 15 சதவீதம் வழுக்கியிருக்கிறது. அந்த அளவு வரைக்கும் பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்சம் வழுக்காமல் எந்த டயரும் இழுக்காது. 20-க்கு 13, 14 என்று வந்தால்தான் பிரச்சினை. டீசல் புகையாகப் போகிறது, டயர் மேல்மண்ணை அரைத்து மாவாக்குகிறது என்று அர்த்தம்.

இதில் இன்னொரு விசயம் இருக்கு, பலர் யோசிக்கிறதில்ல. ரொட்டவேட்டர் போட்டு ஓட்டும்போது கத்திகள் மண்ணை வெட்டிப் பின்னால் தள்ளுகின்றன. மிஷினை முன்னால் தள்ளுவதும் அதே கத்திகள்தான். அங்கே டயருக்கு இழுக்கிற வேலை குறைவு, ஓடிப்போகாமல் பிடித்து வைக்கிற வேலைதான் கூட. வருசம் பூரா ரொட்டவேட்டர் மட்டுமே போடுகிற ஒருவர் ஆழமான பட்டை டயருக்குக் காசு கொட்டினால் அந்தக் காசுக்குப் பலன் கொஞ்சம்தான். கலப்பை இழுப்பவருக்கும் ட்ரெய்லர் இழுப்பவருக்கும் கதை வேறு. அவர்களுக்கு முதலில் பாரம் உதவும். சக்கரத்தில் இரும்பு வெயிட் மாட்டலாம், அல்லது வால்வை மேலே வைத்து டியூப்பில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பலாம். பாரம் கீழேயே இருப்பதால் மிஷின் கவிழும் பயமும் கொஞ்சம் குறையும். இறக்கத்தில் நிறுத்துவதற்கு அதே பாரம் எதிரி என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சரி, இத்தனையும் பார்த்த பிறகும் டயர் வாங்கத்தான் வேண்டும் என்றால்? விவசாய டயர்களில் ஆர்-1, ஆர்-2, ஆர்-3 என்று வகை இருக்கிறது. ஆர்-1 சாதாரண வயல் டயர், சாய்ந்த பட்டைகள் கொண்டது. ஆர்-2 சேற்றுக்கு; பட்டை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆழம். ஆர்-3 புல் தரைக்கு, நமக்கு வேலைக்காகாது. கடையில் ஆர்-2-ஐப் பார்த்தால் ஆசை வரும், ஆள் உயரமா முறைச்சுக்கிட்டு நிற்கிற மாதிரி இருக்கும். சேற்று வயலுக்கு அது ராஜா. ஆனால் தார் ரோட்டில் ஓடுகிற மிஷினில் அதைப் போட்டால் பட்டை சீக்கிரம் தேயும், கைப்பிடி கையை உதறும். மேட்டு மரக்கறிக்கும் ரோட்டுக்கும் சேர்த்து ஓடுகிறவர்களுக்கு என் தேர்வு ஆர்-1. நெல்லுக்குப் போகும் நாட்களில் இரும்பு வீல் மாட்டிக்கொள்ளலாம். டயர் பக்கவாட்டில் அம்புக்குறி இருக்கும். அது முன்னால் ஓடுகிற திசை. பின்னாலிருந்து பார்த்தால் பட்டைகளின் கூர் மேல்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாகப் பூட்டினால் சேறு வெளியே போகாமல் பட்டைகளுக்கு நடுவில் அப்பிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் புதுசு போடாதீர்கள். இந்த மிஷின்களில் ரெண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும் என்பதால், தேய்ந்த பக்கத்துக்கு மிஷின் இழுத்துக்கொண்டே இருக்கும்.

இதுவரைக்கும் சொன்னது சமதரைக்காரருக்கும் பொருந்தும். ஹேவாஹெட்டக்காரரின் பிரச்சினை சரிவு. நம்ம வயல்களில் பல, தேயிலை பிடுங்கின இடமோ தேயிலைக்கு ஒதுக்காத மலைச்சரிவோதான். சரிவுக்குக் குறுக்கே ஓட்டினால் மிஷின் கவிழலாம். அதனால் ஓட்டுகிறவர் மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக ஓட்டுகிறார். அவர் உயிருக்கு அது சரி. ஆனால் பாத்தியும் அதே திசையில் விழுகிறது, டயர்த்தடமும் அதே திசையில் விழுகிறது. வடகீழ் பருவமழை வந்தால் அந்தத் தடம்தான் ஓடை. மேல்மண் பள்ளத்துக்குப் போய், அங்கிருந்து மகாவலிக்குப் போய், கடைசியில் அணைக்கட்டுகளின் அடியில் வண்டலாகப் படிகிறது. 1951-லேயே மண் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்த நாடு இது.

நல்லா கடிக்கிற டயர் இந்தக் கணக்கில் என்ன செய்கிறது? முன்பு ஏற முடியாத சரிவில் மிஷினை ஏற்றிவிடுகிறது! மண்வெட்டியால் கொத்தி, கல்லணை கட்டி, சமமட்டமாகக் கான் வெட்டி வைத்திருந்த இடத்தில் இப்போ நேர்கோட்டில் டயர் ஏறுது. டயர் விளம்பரம் எதுவும் இதைச் சொல்லாது. 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட லூல்கந்துர இங்கிருந்து பக்கம்தான். சரிவில் கான் எப்படி வெட்டுவது என்று இந்த மலைகளில் பரம்பரையாகத் தெரிந்தவர்கள் நம்ம வீட்டு ஆட்கள். தோட்டத்துக்கு வெட்டிக் கொடுத்த கானை நம்ம சொந்தப் பாத்திக்கு வெட்டாமல் விடுவதற்குக் காரணம் தெரியாமை இல்லை, குத்தகை. அடுத்த போகத்துக்கு அந்தத் துண்டு கையில் இருக்குமா என்று தெரியாதவர் எதற்குத் தட்டுக் கட்டப் போகிறார்? அதனால்தான் பேச்சு எப்பவும் டயரோடயே நின்று போகிறது. டயரைக் கழற்றிக்கொண்டு அடுத்த துண்டுக்குப் போகலாம். கல்லணையைக் கழற்றிக்கொண்டு போக முடியாதே.

என் நிலைப்பாடு இதுதான்: தட்டு இருக்கிற இடத்தில் மிஷின் போகட்டும், சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தைக் கூட்டிக்கொண்டு. தட்டு இல்லாத செங்குத்துத் துண்டில் டயர் எவ்வளவு கடித்தாலும் மண்வெட்டிதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கைப்பிடியைப் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் நம்ம வயசுப் பையன்கள், மிஷின் வேறு யாருடையதோ. சமதரையில் இடது கிளட்சைப் பிடித்தால் இடது சக்கரத்துக்கு இழுவை போய், மிஷின் இடது பக்கம் திரும்பும். இறக்கத்தில், எஞ்சின் பிடித்து வைத்திருக்கும்போது, அது தலைகீழ். விடுபட்ட இடது சக்கரம் வேகமாக ஓடி, மிஷின் வலது பக்கம் திரும்பும். ட்ரெய்லரில் பாரம் தள்ளும்போது இன்னும் வேகமாக. மாரஸ்ஸன, தலாத்துஓயா வழியாகக் கண்டிக்கு இறங்கும் ரோட்டின் வளைவுகளை நினைத்துப் பாருங்க. புது டயர் போட்ட தைரியத்தில் வேகமாக இறங்குகிற பையனுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கணும். இறக்கம் தொடங்குறதுக்கு முன்னாடியே சின்ன கியர், ட்ரெய்லர் பிரேக்கில் கால், கிளட்சில் விரல் வேண்டாம், வளைவைக் கைப்பிடியைத் தள்ளித்தான் எடுக்கணும். நாளைக்கு யாராவது உங்க கையில மிஷினைக் கொடுத்து ஓட்டச் சொன்னா, "அண்ணே, டயர்ல எவ்வளவு காத்து இருக்கு, ட்ரெய்லர் பிரேக் பிடிக்குதா?" என்று கேட்டுட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும். அவருக்குக் கோவம் வந்தா வரட்டும்.