கடற்கரை மணல் வரிகளுக்கும் செவ்வாய் கிரகத்துக்கும் என்ன தொடர்பு?

தாம்பரம் அருகே உள்ள ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போய் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டினால் கடல். காற்று பலமாக அடிக்கும் நாளில், அலை தொடாத காய்ந்த மணலில் வரிவரியாகக் கோடுகள் விழுந்திருக்கும். கால் வைத்தாலே கலைந்துபோகும் இந்தக் கோடுகளில் அப்படி என்ன இருக்குனு தோணலாம். ஆனால், 2005-ல் நாசாவின் ஆப்பர்ச்சூனிட்டி ரோவர் செவ்வாயில் சுமார் 5 வாரங்கள் நகர முடியாமல் சிக்கியது இப்படி ஒரு மணல் வரியில்தான். அதன் உயரம் சுமார் 30 செ.மீ. மட்டுமே!

மணலில் வரி விழுவது எப்படி?

மணல் துகள்கள் பெரும்பாலும் காற்றில் மிதந்து போவதில்லை. எகிறிக் குதித்துப் போகின்றன. விழும் இடத்தில் இருக்கும் துகள்களை இடித்து முன்னே தள்ளுகின்றன. தரையில் சின்ன மேடு இருந்தால், காற்றைப் பார்த்த பக்கத்தில் அடி அதிகமாக விழும், மறுபக்கம் தப்பித்துவிடும். இதனால் மேடு மேலும் வளர்ந்து வரியாகிறது. லிபியப் பாலைவனத்தில் சுற்றிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பேக்னால்ட், 1941-ல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார்.

செவ்வாயில் என்ன வித்தியாசம்?

அங்கே காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஈர்ப்பு விசை 38 சதவீதம்தான். கியூரியாசிட்டி ரோவர் 2015 இறுதியில் கேல் பள்ளத்தில் உள்ள மணல்மேடுகளை நெருங்கியது. அவற்றுக்கு வைக்கப்பட்ட பெயரே 'பேக்னால்ட்'. நம்ம ஊர் போன்ற சின்ன வரிகளோடு, சுமார் 3 மீட்டர் இடைவெளி கொண்ட பெரிய வரிகளும் அங்கே இருந்தன. மெல்லிய காற்றில், தண்ணீருக்கு அடியில் உருவாவதைப் போல இவை உருவாகின்றன என்பது 2016-ல் வெளியான ஆய்வின் வாதம். இல்லை, சின்ன வரிகளே வளர்ந்து பெரிதாகின்றன என்கிறது இன்னொரு தரப்பு.

இந்த விவாதம் ஏன் முக்கியம்?

வரியின் அளவைக் காற்றின் அடர்த்திதான் தீர்மானிக்கிறது என்றால், பாறையாக இறுகிப்போன பழைய வரிகளை அளந்தே செவ்வாய் எப்போது தன் காற்றை இழந்தது என்று கணிக்கலாம்.

தமிழ்நாட்டில் இப்படி இடம் உண்டா?

தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காடு பலருக்கும் நினைவுக்கு வரும். துகள்களின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். செவ்வாயின் நிறத்துக்கும் இரும்பு ஆக்சைடே காரணம். அதற்காகத் தேரியைக் குட்டி செவ்வாய் என்று சொல்லிவிட முடியாது. இங்கே மழை உண்டு, மணலைப் பிடித்து நிறுத்தும் பனைமரங்கள் உண்டு. ஒப்பிட வேண்டியது நிறத்தை அல்ல, காற்று மணலை நகர்த்தும் விதத்தை.

2009-ல் ஸ்பிரிட் ரோவர் செவ்வாயின் இளகிய மண்ணில் புதைந்தது, கடைசிவரை மீளவே இல்லை. இந்தியாவின் மங்கள்யான் செவ்வாயைச் சுற்றி வந்ததோடு சரி, தரையிறங்கவில்லை. நாளை ஓர் இந்திய ரோவர் அங்கே இறங்கினால், எந்த மணல் தாங்கும், எது உள்ளே இழுக்கும் என்ற கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பாடம் காலடி மணலில் இருந்தே தொடங்குகிறது.