பூட்டு யாருக்காக?

நாகர்கோவிலில் டெலிவிஷன் ரிப்பேர் செய்யும் தோழர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வியோடு வந்தார். கப்பல் வேலைக்குப் போன ஒருவர் முன்னொரு காலத்தில் ஜப்பானில் வாங்கிய வீடியோ விளையாட்டுப் பெட்டி. அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய கேசட். இரண்டும் காசு கொடுத்து வாங்கியவை. இரண்டிலும் பழுதில்லை. சேர்த்துப் போட்டால் மட்டும் ஓடாது! "ஓட வைக்க எனக்குத் தெரியும், அண்ணாச்சி. செய்தால் போலீஸ் பிடிக்குமா?"

விளையாட்டுப் பெட்டிச் சங்கதி நமக்கு எதற்கு என்று முகம் சுளிக்க வேண்டாம். பறக்கை வயலில் விளைந்த நெல், மதுரை உலையில் வேக மாட்டேன் என்று சொல்லுமா? இந்தப் பெட்டிகள் சொல்கின்றன. சொல்ல வைத்திருக்கிறார்கள்.

நிண்டெண்டோ கம்பெனி 1983-ல் ஜப்பானில் விற்ற பெட்டியில் பூட்டு இல்லை. 1985-ல் அமெரிக்காவுக்குப் போனபோது பெட்டியில் ஒரு சில்லு, கேசட்டில் ஒரு சில்லு. இரண்டும் ரகசியச் சொல் பேசி ஒத்துப் போனால்தான் ஆட்டம். அந்தச் சில்லின் நாலாவது காலைத் துண்டித்தால் பூட்டு தூங்கிவிடும். 1991-ல் அமெரிக்காவில் விற்ற அடுத்த பெட்டியில் இன்னும் வேடிக்கை: ஜப்பான் கேசட்டைத் தடுத்தவை வெறும் இரண்டு பிளாஸ்டிக் பற்கள்! அரத்தால் ராவினால் தீர்ந்தது. இதற்குப் பெயர் விஞ்ஞானமா, வேலியா?

டி.வி.டி. தட்டிலும் இதே கதைதான். உலகத்தைக் கூறு போட்டார்கள். வளைகுடா 2-ஆம் வட்டாரம், சிங்கப்பூர் 3, இந்தியா 5. ஒவ்வொரு வட்டாரத்திலும் தனி விலை, தனித் தேதி. கம்பெனி எந்த நாட்டிலும் மலிவாகச் செய்யலாம், எங்கும் கொண்டுபோய் விற்கலாம். வளைகுடாவில் வெயிலில் உழைத்தவன் அங்கே வாங்கிய தட்டை ஊரில் போடக் கூடாது!

சட்டம் என்ன சொல்கிறது? 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவைச் சேர்த்தார்கள். உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. நோக்கம் அதுவல்ல என்றால் குற்றமில்லை. ஆனால் பிறருக்காக உடைத்துக் கொடுப்பவர் அவர் பெயர், விலாசம், காரியம் எல்லாம் எழுதி வைக்க வேண்டுமாம். ரிப்பேர்க்காரன் பேரேடு வைக்க வேண்டும். பூட்டுப் போட்ட கம்பெனி யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம்!

கள்ளத்தட்டு அச்சடிப்பவர்களுக்காக நாம் வாதாடவில்லை. அந்த ஆட்டத்தை எழுதியவர்களும் கூலிக்கு உழைத்தவர்களே. காசு கொடுத்து வாங்கியவனைப் பற்றித்தான் பேசுகிறோம்.

ஆஸ்திரேலியாவில் பிளேஸ்டேஷன் பெட்டிக்குள் சில்லு வைத்துக் கொடுத்த ஸ்டீவன்ஸ் என்பவர் மீது சோனி வழக்குப் போட்டது. 2005-ல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் கம்பெனியின் வாதத்தைத் தள்ளியது. 2006-ல் சட்டத்தைக் கடுமையாக்கியபோதுகூட, சினிமாவுக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் நாடு நாடாகச் சந்தை பிரிக்கும் பூட்டுக்குப் பாதுகாப்பில்லை என்று அதிலேயே எழுதினார்கள். அந்த ஒரு வரியை நம் சட்டத்திலும் எழுத டில்லிக்கு என்ன கஷ்டம்?

தோழரிடம் இதையெல்லாம் சொன்னோம். அன்று சாயங்காலமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் கப்பல்காரர் பெயரை எழுதிவிட்டு, சூட்டுக்கோலை எடுத்தார்.